வேலிக்கு இந்தப் பக்கம் கேட்ட பேண்டு வாத்தியம்

(சுபாங் ஜெயாவில் நடைபெற்ற தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே! பால் வெட்டும் தோழர்களே! தாய்மார்களே! என்னைப் போலப் பேனா பிடித்துப் பிழைக்கும் கிராணிமார்களே!

என்ன தலைப்பில் பேசப் போகிறீர் என்று கிளைச் செயலாளர் கேட்டார். "பூங்காவில் பேண்டு வாத்தியம்" என்றேன். அவர் சிரித்து விட்டார். "சம்பளத்தைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது, வீட்டைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது, பேண்டு வாத்தியத்தைப் பற்றிப் பேச உம்மைத் தவிர ஆள் இல்லை, பேசும்" என்று அனுமதி கொடுத்தார். அவருக்கு நன்றி. நான் சொல்லப் போவது விளையாட்டு விஷயம்போலத் தொடங்கும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் பாட்டிக்கு எண்பது வயது கடந்து விட்டது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அம்மாவுக்கு வாளி தூக்கப் போனவர், அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் உளி பிடித்தார். அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்தத் தோட்டத்தில் துரைமார்களுக்கு ஒரு கிளப்பு இருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸ் சமயத்தில், பட்டணத்திலிருந்து லாரியில் பேண்டு வரும். லயத்துப் பிள்ளைகள் ஓடிப் போய்ச் செம்பருத்தி வேலியோரம் நின்று கேட்பார்கள். பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். இரண்டு பாட்டு முடிவதற்குள் ஜாகா கம்பை எடுத்துக்கொண்டு வந்து விடுவான். அவனும் சம்பளத்துக்கு நிற்பவன்தானே, அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

இந்தப் பாட்டியைத்தான் சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இதே சுபாங் ஜெயாவில் ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போனேன். இடைநிலைப் பள்ளி மாணவர்களின் பேண்டு குழு வாசிக்கிறது என்று தகவல். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம் பிள்ளைகளும் நாலைந்து பேர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. ஜனங்கள் பாய் விரித்தும் செய்தித்தாள் விரித்தும் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள்.

பாட்டி புல்லில் கால் வைக்கவில்லை. நடைபாதை ஓரத்திலேயே நின்று விட்டார்.

"வாங்க பாட்டி, முன்னால போய் உக்காரலாம்."

"வேணாம்யா. நா இங்கனயே நின்னு கேக்குறேன். காசு எவ்ளோ குடுத்த?"

"காசு கிடையாது பாட்டி."

"காசு இல்லாம எப்புடி விடுவான்?"

அந்த நேரம் பார்த்துப் பூங்காக் காவலர் எங்களை நோக்கி நடந்து வந்தார். நேபாளத்துக்காரர், இளைஞர். பாட்டி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்படத் தயாராகி விட்டார். எழுபது ஆண்டுக்கு முன் வேலியோரம் நின்ற அந்தச் சிறு பெண்தான் புறப்பட்டாள் என்று எனக்குப் பட்டது. தோழர்களே, எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தக் காவலர் ஒன்றும் பேசவில்லை. தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து பாட்டிக்குப் போட்டு விட்டுப் போனார். பாட்டி அதில் உட்கார்ந்து இரண்டு பாட்டுக் கேட்டார். மூன்றாவது பாட்டுக்கு, "கால் தொங்குதுய்யா" என்று சொல்லி, தாமே இறங்கிப் புல்லில் சம்மணம் போட்டுக்கொண்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சம்பள உயர்வுக்குப் போராடினோம், வேலை நேரத்துக்குப் போராடினோம். மாலை நேரம் நம்முடையதாயிற்று. அந்த மாலையில் போய் உட்கார ஒரு புல் தரை நம்முடையது என்று நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

பூங்காவிலே பேண்டு வாசிப்பதென்பது சீமையிலிருந்து வந்த பழக்கம். அங்கே எட்டு மாதம் குளிர். கோடை வந்தால்தான் ஜனங்கள் வெளியே உட்கார முடியும். ஆகையால் கோடையில் ஞாயிறுதோறும் பூங்காக்களில் எண்கோணக் கூரைமேடை போட்டு வாசித்தார்கள். இதுவும் சும்மா கிடைத்ததில்லை. 1855-56-ஆம் ஆண்டுகளில் லண்டனில் சர் பெஞ்சமின் ஹால் என்ற அமைச்சர், கென்சிங்டன் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இராணுவ பேண்டு வாசிக்க ஏற்பாடு செய்தார். (லண்டன் மணிக்கூண்டின் பெரிய மணிக்கு 'பிக் பென்' என்று பெயர் வந்தது இவரால்தான் என்று சொல்வார்கள்.) ஞாயிறு கடவுளுக்குரிய நாள், அன்று வாத்தியம் கூடாது என்று பாதிரிமார்கள் எதிர்த்தார்கள். காண்டர்பரி பேராயரே பிரதமருக்கு எழுதினார். 1856-இல் அரசாங்கம் பேண்டை நிறுத்தி விட்டது. தொழிலாளிகளுக்கு வாரத்தில் ஓய்வு அந்த ஒரு நாள்தான். அவர்கள் என்ன செய்தார்கள்? காசு வசூலித்துச் சொந்தமாக பேண்டு ஏற்பாடு செய்து ரீஜண்டு பூங்காவிலும் விக்டோரியா பூங்காவிலும் வாசிக்க வைத்தார்கள். சந்தா வசூலித்துக் காரியம் நடத்துவது நமக்குத் தெரியாத வித்தையா?

அதைவிட எனக்குப் பிடித்தது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் கதை. இங்கிலாந்தின் வடபகுதியில் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு பித்தளை வாத்தியக் குழு இருந்தது. பகலெல்லாம் பூமிக்குள்ளே கரி வெட்டியவன், மாலையில் கை கழுவிவிட்டுக் கார்னெட்டு ஊதினான். துர்ஹாம் என்ற ஊரில் 1871 முதல் சுரங்கத் தொழிலாளர் பெருவிழா நடந்து வருகிறது. ஜூலை மாதம். ஒவ்வொரு கிளையும் தன் பதாகையைத் தூக்கிக்கொண்டு, முன்னே தன் பேண்டு வாசிக்க, ஊர்வலமாகத் திடலுக்குப் போகும். அந்த ஆண்டில் சுரங்க விபத்தில் யாரேனும் இறந்திருந்தால் பதாகையில் கறுப்புத் துணி கட்டியிருக்கும். இன்று அங்கே சுரங்கங்கள் மூடப்பட்டு விட்டன. பெருவிழா நிற்கவில்லை. யார்க்ஷயரில் கிரைம்தார்ப் என்ற சுரங்கத்தின் பேண்டு 1917-இல் தொடங்கியது. 1992 அக்டோபரில் சுரங்கத்தை மூடப் போவதாக அறிவிப்பு வந்தது. அதே மாதத்தில் அந்தக் குழு லண்டனுக்குப் போய்த் தேசியப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. 1993-இல் சுரங்கம் மூடியது. பேண்டு இன்னும் வாசிக்கிறது.

இந்தச் செய்தியை நான் படித்தபோது நினைத்தது நம் தோட்டங்களை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் நாட்டுக்கு இந்த வாத்தியம் வந்தது எப்படி? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாய் மாநிலங்களில் அரசாங்க பேண்டு குழுக்கள் அமைந்தன. சிலாங்கூரிலும் பேராக்கிலும் அவற்றில் வாசித்தவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்தவர்கள், மணிலாக்காரர்கள். நம் முன்னோர் கித்தாக் காட்டுக்குக் கப்பல் ஏறியதுபோல, அவர்கள் கையில் வாத்தியத்தோடு கப்பல் ஏறினார்கள். அவர்களும் ஒருவகையில் கூலிக்கு வந்தவர்களே. 1961-இல் நம் வானொலிக்கு வாத்தியக் குழு அமைத்து நடத்திய அல்போன்சோ சோலியானோ அந்தப் பிலிப்பைன்ஸ் வம்சத்தைச் சேர்ந்தவர்தான். கோலாலம்பூர் ஏரித் தோட்டம் 1888-இல் ஆல்பிரட் வென்னிங் என்ற மாநிலப் பொக்கிஷ அதிகாரியின் யோசனையில் தொடங்கி, 1889-இல் திறக்கப்பட்டது. திறந்த நாளில் அங்கே நம்மவர்கள் எங்கே இருந்திருப்பார்கள்? மண் வெட்டிய இடத்தில் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். இன்று அது பெர்டானா தாவரவியல் பூங்கா. யாரும் போகலாம், யாரும் தடுப்பதில்லை.

இன்னொரு செய்தி சொல்கிறேன். நாமெல்லாரும் எழுந்து நின்று பாடும் 'நெகாராகூ' இருக்கிறதே, அதன் மெட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? பேராக்கில் 1875-இல் பர்ச்சு துரை கொல்லப்பட்ட விவகாரத்தில் சுல்தான் அப்துல்லாவை ஆங்கிலேயர் பதவியிலிருந்து இறக்கி, 1877-இல் சீஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். அங்கே மாஹே தீவில் பொதுஜனங்களுக்காக வாசித்த பேண்டு கச்சேரியில் ஒரு பிரெஞ்சு மெட்டு அவர் காதில் விழுந்தது என்று சொல்வார்கள். அந்த மெட்டு பேராக் மாநிலக் கீதமாயிற்று. சுதந்திரம் நெருங்கியபோது நாட்டுக்குக் கீதம் வேண்டும் என்று உலகளாவிய போட்டி வைத்தார்கள். 514 மெட்டுகள் வந்தன. ஒன்றும் பிடிக்கவில்லை. பெஞ்சமின் பிரிட்டன் போன்ற பெரிய இசைமேதைகளைக் கேட்டு வாங்கியதும் பிடிக்கவில்லை. கடைசியில் 1957 ஆகஸ்டு 5-ஆம் தேதி அந்தப் பேராக் மெட்டையே துங்குவின் குழு தேர்ந்தெடுத்தது. நாட்டை இழந்து நின்ற ஒரு மனிதர் டிக்கெட்டு இல்லாத கச்சேரியில் கேட்ட மெட்டு என்று எண்ணிப் பார்க்கும்போது, எனக்கு அந்தக் கீதத்தின் மேலே பிரியம் கூடுகிறது. (1990-களில் அதை வேக நடைக்கு மாற்றி, 2003-இல் மீண்டும் பழைய நடைக்கே கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். வேகமாகப் பாடும்போது மூச்சு வாங்கியது.)

"பேண்டு வெள்ளைக்காரன் சங்கீதம், நமக்கு அதில் என்ன?" என்று முன் வரிசையில் ஓர் அண்ணன் முணுமுணுக்கிறார். அண்ணே, நம் கலியாண ஊர்வலத்தில் வருகிற பேண்டு யாருடையது? தஞ்சாவூரில் 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே பேண்டு வைத்திருந்தார். சதிர்க் கச்சேரியில் கிளாரினெட்டு நுழைந்தது அந்தக் காலத்து வழியில்தான். முத்துசுவாமி தீட்சிதர் கும்பெனிக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார். நோட்டு சுவரங்கள் என்று பெயர். சுமார் நாற்பது இருக்கும். ஆங்கிலேய அரசர் வாழ்த்துப் பாட்டின் மெட்டில்கூட ஒன்று உண்டு. மும்மூர்த்திகளில் ஒருவரே கேட்டு ரசித்ததை நாம் கேட்டால் குறைந்து போய் விடுமா?

எப்படிக் கேட்பது என்று கேட்டீர்களானால், அதற்குப் படிப்பு வேண்டாம். உருமி மேளம் அடித்த காது போதும். கால் தானாக இடது, வலது என்று மிதித்தால் அது நடைப்பாட்டு. உடம்பு ஒன்று-இரண்டு-மூன்று என்று அசைந்தால் அது வால்ட்சு, நம் திஸ்ரம். கிளாரினெட்டு பாடும், டிரம்பெட்டு கூப்பிடும், தோளிலும் மடியிலும் சுமக்கிற பெரிய டியூபா கீழே தாங்கிப் பிடிக்கும். கித்தாக் காட்டில் ஒருவன் ஒரு நிரை வெட்டுவான், அடுத்தவன் அடுத்த நிரை வெட்டுவான், இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் பால் எல்லாம் ஒரே தொட்டியில் போய்ச் சேரும் அல்லவா? அப்படித்தான் ஒவ்வொரு பிள்ளையும் தன் தாளைப் பார்த்துத் தன் பங்கை மட்டும் வாசிக்கிறது.

உட்காரும் இடம் முக்கியம். முன்னால் ஒரு முப்பது நாற்பது அடி தள்ளி உட்காருங்கள். மிக நெருங்கினால் பெரிய டிரம்மைத் தவிர வேறு எதுவும் கேட்காது. பின்னால் போய் உட்கார்ந்தால் ஆர்ன் என்ற வளைந்த வாத்தியம்தான் கேட்கும், அதன் வாய் பின்புறம் பார்த்திருக்கும். திறந்த வெளியில் சத்தத்தைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. அதனால்தான் மேடைக்கு மேலே கூரையும் பின்னாலே தடுப்பும் வைக்கிறார்கள், அதனால்தான் வெளியில் வயலினைவிடப் பித்தளை வாத்தியம் எடுபடுகிறது.

மழை நம் எதிரி. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல் மாதத்திலும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு இடியோடு கொட்டும் என்பது பால் வெட்டுகிறவனுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரம் நனைந்தால் வெட்டு இல்லை, புல் நனைந்தால் கச்சேரி இல்லை. ஜூன், ஜூலை மாதங்கள் ஓரளவு உலர்ந்தவை. நமக்குக் கோடை என்று ஒன்று இருந்தால் அதுதான். பாய்க்கு அடியில் போட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு எடுத்துப் போவது புத்திசாலித்தனம்.

இப்போது வயிற்றெரிச்சலான விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்தச் சுபாங் ஜெயா என்ன இடம்? சீபீல்டுத் தோட்டம். 1976-இல் நகரமாக எழும்பத் தொடங்கியது. இங்கே தெருப்பெயரில் வரும் 'எஸ்.எஸ்.' என்ற எழுத்துகள் சுங்கைவே-சுபாங் என்பதன் சுருக்கம். 'யூ.எஸ்.ஜே.' என்பதில் உள்ள 'யூ' எதைக் குறிக்கிறது? யுனைட்டெட் எஸ்டேட்ஸ் புரொஜெக்ட்ஸ். எஸ்டேட்டு என்ற சொல் அந்த எழுத்துக்குள்ளே ஒளிந்திருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. 2020 அக்டோபரில் மாநகரமும் ஆகி விட்டது. சீபீல்டு என்ற பெயர் தமிழ்ப்பள்ளியிலும் கோயிலிலும் நிற்கிறது.

தோட்டம் துண்டாடப்படும்போது நாம் என்னென்ன கேட்கிறோம்? வீடு கேட்கிறோம். கோயிலுக்கு நிலம் கேட்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு நிலம் கேட்கிறோம். மூன்றும் நியாயம், மூன்றும் வேண்டும். என் அலுவலில் இப்படிப்பட்ட மனுக்களைத் தட்டச்சு அடித்தவன் நான். ஒரு மனுவிலாவது தோட்டத்துத் திடலைக் கேட்டு எழுதியதாக எனக்கு நினைவில்லை. பந்து விளையாடிய திடல், பொங்கலுக்கு உறியடித்த திடல், திரைப்படம் காட்டிய திடல், திருவிழாவில் கரகாட்டம் ஆடிய திடல். இழப்பீட்டுக் கணக்கில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அடுக்குமாடி வீட்டுக்குக் குடியேறிய பிறகு பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? படிக்கட்டில் உட்காருகிறார்கள், கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறார்கள். அதற்கப்புறம் என்ன நடக்கிறது என்று நான் சொல்ல வேண்டாம். போலீசு நிலையத்துக்குப் பிணை எடுக்க ஓடியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.

இதே ஊரில் சுபாங் ரியா என்ற பூங்கா இருக்கிறது. அதில் கட்டடம் எழும்பக் கூடாது, பூங்கா பூங்காவாகவே இருக்க வேண்டும் என்று சுற்றுவட்டாரத்துக் குடியிருப்பாளர்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வசதி உள்ளவர்கள், கார் வைத்திருப்பவர்கள், வேண்டுமானால் எங்கும் போய்க் காற்று வாங்கக் கூடியவர்கள். அவர்களே புல் தரைக்காக மனு எழுதுகிறார்கள். லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் வளர்ந்த நாம் எழுதவில்லை. ஏன்? பாட்டி நடைபாதையிலேயே நின்றாரே, அந்தக் காரணம்தான். நமக்குரியது என்று மனதில் படாத ஒன்றை மனுவில் எப்படி எழுதுவோம்?

ஆகையால் இந்தக் கூட்டத்தின் முன் இரண்டு காரியங்கள் வைக்கிறேன். இனி நம் பகுதியில் எந்தத் தோட்டம் கைமாறினாலும், வீடு, கோயில், பள்ளி ஆகியவற்றோடு திடலும் வேண்டும் என்று நான்காவதாக ஒரு வரி சேர்த்து எழுத வேண்டும். அளவு ஏக்கர் கணக்கில் குறிப்பிட்டு, வரைபடம் இணைத்து எழுத வேண்டும். வாய்ச்சொல் கூடாது. வாய்ச்சொல்லை நம்பித்தான் பழைய திடல்கள் போயின. வரைபடம் தயாரிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஆபீசு முடிந்த பிறகு.

அடுத்தது, ஊரெங்கும் பள்ளி பேண்டு குழுக்கள் இருக்கின்றன. போலீசு பேண்டு இருக்கிறது. நம் திடல்களில் ஒரு மாலை வந்து வாசிக்கும்படி சங்கத்தின் கடிதத்தாளில் எழுதிக் கேட்போம். மறுத்தால் நட்டம் ஒரு தபால் தலை. வந்தால் முதல் பாதி அவர்கள் வாசிக்கட்டும், மறு பாதி நம் இளைஞர்களின் உருமி மேளம். உருமிப் பையன்களைப் பற்றி நான்கு கெட்ட வார்த்தை சொல்கிறவர்கள் உண்டு. நல்ல மேடையும் நாலு பேர் முன் மரியாதையும் கொடுத்துப் பார்த்த பிறகு சொல்லட்டும்.

ஒன்று சொல்ல மறந்து விட்டேன். அன்று பூங்காவில் கச்சேரி முடிந்ததும், கிளாரினெட்டு வாசித்த ஒரு தமிழ்ப் பெண் பிள்ளையிடம் பாட்டி போய்ப் பேசினார். "எந்தத் தோட்டம்மா நீ?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை விழித்தது. அதற்குத் தோட்டம் தெரியாது, மாடிவீட்டில் பிறந்த பிள்ளை. பக்கத்திலிருந்த அதன் தாயார்தான், தம் தகப்பனார் வேலை செய்த தோட்டத்தின் பெயரைச் சொன்னார். பாட்டிக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டே நின்றார்கள். பிள்ளை வாத்தியத்தைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைப்பதைப் பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். உளியைத் துடைத்து வைப்பதுபோல் வைக்கிறாள் என்று வரும் வழியில் என்னிடம் சொன்னார்.

வருகிற மாதம் முதல் ஞாயிறு மாலை மறுபடியும் போகிறோம். நாலரை மணிக்குத் தோட்ட ஆபீசு முன்னாலிருந்து வேன் புறப்படும். பெட்ரோல் செலவுக்கு ஆளுக்கு மூன்று வெள்ளி, பிள்ளைகளுக்கு இல்லை. வேனில் பன்னிரண்டு பேருக்கு இடம். ஓர் இடத்தைப் பாட்டி இப்போதே பிடித்து விட்டார், முன் இருக்கைதான் வேண்டுமாம். மீதிப் பதினொன்றுக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். பாய் கொண்டு வாருங்கள்.